இடித்தலும் கட்டுதலும்



கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் என்னும் பகுதியில் நான் வாழ்ந்து வருகிறேன். சில நாட்களுக்கு முன் ஒரு காலை வேளையில் அடுத்த தெருவிலிருந்து சம்மட்டி ஓசை கேட்டது. எழுந்து சென்று பார்த்தேன். பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எங்கள் ஊர் மாவட்டத் தலைநகராயிற்று. அதன் பின்னர் இவ்வோசை எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும், “தாத்தா, வீடு கட்டுவதற்குப் படிக்கிறார்களே, இடிப்பதற்கும் படிக்க வேண்டுமா?” என்று கேட்டான். “ஆம், வேண்டும்” என்றேன். அவன் நம்பவில்லை; சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். அவனுக்கு நின்று சொல்ல இயலாத விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கட்டடக்கலை என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன கோபுரங்களும் மாளிகைகளும் மண்டபங்களுமே. இடித்தல் என்றால் அழிவு என்று எண்ணுகிறோம். ஆனால் ஊர் என்பது ஒருமுறை கட்டி முடித்து, பூட்டி வைக்கும் பொருள் அன்று. மக்கள் பெருகுகின்றனர், தொழில்கள் மாறுகின்றன, சுவர்கள் மூப்படைகின்றன. ஓர் ஊர் வாழவேண்டுமானால் அதன் சில பகுதிகள் நீங்கித்தான் ஆகவேண்டும். எதை நீக்குவது, எப்போது நீக்குவது, எவ்வாறு நீக்குவது, யாரைக் கேட்டு நீக்குவது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காண்பதே நகரமைப்புக் கலையின் பாதி.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு அருகே தியாகதுருகம் என்னும் ஊரில் ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. இன்று அது சிதைந்து கிடக்கிறது. காலமும் போரும் கவனிப்பின்மையும் ஒன்றுசேர்ந்து செய்த வேலை அது. சிதைதல் தானே நிகழ்வது. இடித்தலோ மனிதன் எண்ணித் துணிந்து செய்வது. எண்ணித் துணியவேண்டிய நேரத்தில் மனிதன் வாளாவிருந்தால் என்ன நேரும் என்பதற்கு என் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அப்பொழுது நான் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் பள்ளியிலும் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நாங்கள் ஒரே நாளில் அதனைப் பிரித்தெறிந்தோம். ஊரார் அனைவரும் வந்து கைகொடுத்தனர்.

ஆனால் அதே வளாகத்தில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றும் இருந்தது. அதன் பின்சுவரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. பார்வையிட வந்த பொறியாளர், “இதனை இடித்துவிடுவதே நலம், பள்ளியின் சார்பில் தீர்மானம் எழுதி அனுப்புங்கள்” என்றார். நான் எழுதவில்லை. இடித்தால் பிள்ளைகள் மரத்தடியில் அமரவேண்டுமே என்று பிறரிடம் காரணம் கூறினேன். அது பாதி உண்மையே. அந்தக் கட்டடத்தில்தான் நான் அகரம் பயின்றேன். அதில் என் ஆசிரியர் நின்று பாடம் சொன்ன இடம் எனக்குத் தெரியும். அதனை இடிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட என் கை கூசிற்று. இன்று, நாளை என்று ஓராண்டுக்கு மேல் கடந்தது.

2005-ஆம் ஆண்டு கார்த்திகை மாத அடைமழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அச்சுவர் விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அமரும் பலகைகளின் மேல் விழுந்தது. மறுநாட் காலையில் பிள்ளைகள் அந்த மண்மேட்டின் முன் வரிசையாக நின்றார்கள். ஒரு சிறுமி, “ஐயா, என் பலகை அதோ அடியில் இருக்கிறது” என்றாள். நான் அவளுக்கு ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. என் பழைய நினைவைக் காப்பதற்காக அவள் உயிரைப் பணயம் வைத்திருந்தேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

அன்று விடுமுறை நாளாயிருந்தமையால் நாங்கள் தப்பினோம். எல்லா இடங்களிலும் இத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. 2021-ஆம் ஆண்டு திசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னர்த் தமிழகமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் ஆராயப்பட்டு, பழுதுற்றவை இடிக்கப்பட்டன. அதே திங்கள் 27-ஆம் நாள் சென்னைத் திருவொற்றியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்தன. சுவரில் வெடிப்பு விரிவதைக் கண்ட மக்கள் முன்னரே வெளியேறிவிட்டமையால் உயிரிழப்பு இல்லை. ஆகவே, காலத்தே இடிப்பது உயிர்காக்கும் செயல். இடித்தலின் முதற் பயன் இது.

இரண்டாவது பயன் ஊரின் வளர்ச்சி. இதற்கு மதுரையை விடச் சிறந்த பாடநூல் தமிழ்நாட்டில் இல்லை. திருக்கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனச் சதுரத்திற்கு வெளியே சதுரமாக அமைந்த ஊர் மதுரை. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் மதிலை நீக்கி, ஊரைச் சுற்றிப் பெரியதொரு கோட்டையும் அகழியும் அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோட்டைக்குப் போர்த்தொழில் இல்லாமற் போயிற்று. மதிலுக்குள் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அகழியில் நீர் தேங்கி நாறியது. அப்பொழுது மதுரைக் கலெக்டராக இருந்தவர் ஜான் பிளாக்பர்ன். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதிலை இடிக்க அவர் முனைந்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கு அந்த நிலத்திலேயே மனை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார். மதிலின் மண்ணும் கல்லும் அகழிக்குள்ளேயே சென்றன. அவ்விடத்தில் எழுந்தவையே இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். நிலத்தை அளந்த மாரட் என்பவரும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயர்களில் இன்றும் வாழ்கின்றனர். பிளாக்பர்னின் நினைவாக நிறுவிய விளக்குத்தூணும் இன்றளவும் நிற்கிறது.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மதில் போயிற்று, ஆனால் ஊரின் இலக்கணம் போகவில்லை. கோயிலைச் சுற்றிச் சதுரமாய் அமைந்த வீதிகளுக்கு வெளியே அதே முறையில் மேலும் சில வீதிகள் சேர்ந்தன. புதிதாக வருபவன் எது பழைய ஊர், எது புதிய ஊர் என்று அறியாத வண்ணம் இரண்டும் பொருந்தி நின்றன. இழப்பும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அத்துணைப் பெரிய கோட்டையில் மேல வெளி வீதியருகே ஒரு கொத்தளம் எஞ்சி நிற்பதைத் தவிரக் காண்பதற்கு அதிகமில்லை.

அதே மதுரையில் நிகழ்ந்த வேறோர் இடிப்பையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டளவில் எழுப்பிய அரண்மனை பெரும் பரப்புடையது. அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து அப்பொருள்களை எடுத்துச் சென்றார் என்பர். மதிலை இடித்ததால் ஊருக்கு வீதிகள் கிடைத்தன. அரண்மனையை இடித்ததால் மதுரைக்கு என்ன கிடைத்தது? வெற்றிடமே கிடைத்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைச் செப்பனிடச் செய்திராவிடில், இன்று நீங்கள் வியந்து காணும் அந்தத் தூண்களும் இருந்திரா.

நாட்டுக்கு வெளியேயும் சற்றுப் பார்ப்போம். பிரான்சு நாட்டின் பாரிசு நகரில் 1853 முதல் 1870 வரை ஓசுமான் என்னும் ஆட்சியாளர் பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். நல்ல குடிநீரும் கழிவுநீர்ப் பாதைகளும் பூங்காக்களும் அந்நகருக்குக் கிடைத்தன. உலகம் அதனைப் புகழ்ந்தது. ஆனால் இடிந்த சந்துகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்கள் புதிய வீடுகளின் வாடகையைக் கொடுக்க இயலாமல் நகரின் புறத்தே சென்றார்கள். சாலை அழகாயிற்று, அதன் விலையைச் செலுத்தியவர் அதில் வாழவில்லை.

இதனை நன்கறிந்த ஒருவர் 1914-இல் நம் சென்னைக்கு வந்தார். அவர் பெயர் பாட்ரிக் கெடிசு. ஸ்காட்லாந்து நாட்டினர், உயிரியல் பயின்றவர். நகரங்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றைச் சென்னையில் நடத்தினார். பின்னர்த் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான பழந்தெருக்களை நேர்கோடிட்டு வெட்டிப் பெருஞ்சாலை போடுவதே அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். கெடிசு அதனை மறுத்தார். நல்ல அறுவை மருத்துவர் நோயுற்ற சதையை மட்டும் நீக்குவார், உடம்பையே வெட்டமாட்டார். அதுபோல, முற்றும் பழுதுற்ற ஒருசில வீடுகளை மட்டும் நீக்கி, அங்கே சிறிது வெளியும் ஒரு மரமும் ஓர் இருக்கையும் அமைத்தால் தெரு முழுவதற்கும் காற்று வரும் என்றார். மக்களும் பிரியவேண்டியதில்லை, செலவும் குறைவு. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920-இல் பிறந்தது. அதற்குப் பின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சட்டங்கள் வந்தபோதிலும், நடந்து பார்த்த பின்னரே வெட்டுக என்னும் கெடிசின் அறிவுரை பழையதாகவில்லை.

மூன்றாவதாக, சட்டத்தை மீறி எழுந்த கட்டடங்களை இடித்தல். 2014-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் சென்னைப் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று மழையில் சரிந்தது. அதில் 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள். அதன் அருகில் அதேபோன்ற இரட்டைக் கட்டடம் நின்றது. அதனையும் நம்ப இயலாது என்று முடிவாகி, 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பின்னர்க் கேரளத்தின் மரடு என்னுமிடத்தில் கடற்கரை விதிகளை மீறிய நான்கு குடியிருப்புகள் 2020 சனவரியிலும், தில்லிக்கு அருகே நொய்டாவில் நூறு மீட்டர் அளவு உயர்ந்த இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகத்து 28-ஆம் நாளும், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி தகர்க்கப்பட்டன. கட்டப் பல ஆண்டுகள் ஆன கோபுரங்கள் சில விநாடிகளில் மண்ணாயின.

இங்கேதான் அச்சிறுவனின் வினாவுக்கு விடை இருக்கிறது. வெடிமருந்து கட்டடத்தைப் பொடியாக்குவதில்லை. கட்டடத்தைத் தாங்கும் தூண்களில் துளையிட்டு அளவான மருந்தை வைக்கிறார்கள். எல்லாத் தூண்களும் ஒரே கணத்தில் முறிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, விநாடியின் சிறு பகுதி இடைவெளியில் முறிகின்றன. தூண் முறிந்ததும் புவியீர்ப்பே மிச்ச வேலையைச் செய்கிறது. எந்தத் தூண் முதலில், எது பின்னர் என்ற வரிசையே கட்டடம் எப்பக்கம் சாயும் என்பதை முடிவு செய்யும். கற்கள் சிதறாதிருக்கத் தூண்களைக் கம்பிவலையும் தடித்த துணியும் கொண்டு சுற்றுகிறார்கள். ஆகவே, ஒரு கட்டடம் எவ்வாறு நிற்கிறது என்பதை முழுதும் அறிந்தவனே அதனை நேராக வீழ்த்த வல்லவன்.

வெடிமருந்து வேண்டாத சிறுவீட்டிற்கும் முறை உண்டு. கட்டிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் பிரித்தல் வேண்டும். முதலில் மின்னிணைப்பையும் குடிநீர் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். பின்னர்க் கதவு, சன்னல், அடுத்து ஓடு, சட்டம், உத்திரம், இறுதியாகச் சுவர். சுவரையும் மேலிருந்து வரிசை வரிசையாக இறக்கவேண்டும். அடியில் கடப்பாரையால் குத்திச் சாய்ப்பவன் தன் மேலேயே சாய்த்துக்கொள்வான். அண்டை வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் முதலில் அதற்கு முட்டுக் கொடுக்கவேண்டும். இவற்றையெல்லாம் எங்கள் ஊர்க் கொத்தனார்கள் ஏட்டில் படிக்கவில்லை, கைப்பழக்கத்தில் அறிவார்கள்.

பிரித்த பொருள் எங்கே செல்கிறது என்பதும் ஒரு வினா. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் முழுதாகக் கழன்று வரும், மறுபடியும் பயன்படும். சிமெண்டில் கட்டியது உடைந்தே வரும். உடைந்ததை வண்டியில் ஏற்றி ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் கொட்டிவிடுகிறோம். ஊருக்கு வீடு கிடைக்கிறது. ஏரிக்கு மூச்சு அடைக்கிறது. கட்டட இடிபாடுகளைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்தவேண்டும் என்று நடுவணரசு 2016-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தது. காங்கிரீட்டை உடைத்துச் சல்லியாக்கலாம். அதனைச் சாலைக்கும் நடைபாதைக் கற்களுக்கும் பயன்படுத்தலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை என்பதை நீங்கள் அறிவீர்கள். மரத்தின் அருமை அறிந்த எங்கள் ஊரில், பழைய வீட்டுத் தேக்குத் தூணை விறகுக்கு விற்பது தகுமா?

இடிக்கக்கூடாதவை எவை என்பதையும் சொல்லவேண்டும். சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் காப்பீட்டுக் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைமையைப் பேணுவோர் உயர் நீதிமன்றத்தை அணுகி அதனைத் தடுத்தனர். நியூயார்க்கு நகரில் அத்தகைய தடை கிடைக்கவில்லை. அங்கே பென்சில்வேனியா இரயில் நிலையம் என்னும் பெருங்கட்டடத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியபோது மக்கள் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தின் பயனாக 1965-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அந்நகரில் பிறந்தது. தமிழ்நாட்டிலும் 2012-இல் மரபுடைமைக்கென ஓர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. செங்கல்லை மறுபடியும் சுடலாம். நூறாண்டை மறுபடியும் சுட இயலாது. பழுதுற்ற பள்ளிச் சுவரை இடிக்கத் தயங்கிய நான் இதனைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முரணில்லை. நினைவுக்குரிய கட்டடத்தைக் காக்க விரும்பினால் வெடிப்புத் தோன்றிய அன்றே செப்பனிடவேண்டும். செப்பனிடவும் மாட்டேன், இடிக்கவும் மாட்டேன் என்று இருந்ததே நான் செய்த பிழை.

இறுதியாக, எல்லாவற்றினும் பெரிய வினா: உள்ளே வாழ்பவர் எங்கே செல்வார்? 1970-இல் தமிழ்நாட்டில் குடிசைகளுக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் குடிசைகளை அகற்றுவது என்று பொருள்படும். தமிழிலோ குடிசை மாற்று வாரியம் என்று பெயரிட்டார்கள். 2021-இல் அப்பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று. அகற்றுதல் வேறு, மாற்றுதல் வேறு என்பதை அந்தத் தமிழ்ச்சொல் நமக்கு உணர்த்துகிறது. ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, அம்மக்களைச் சென்னையின் தென்கோடியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினார்கள். உறுதியான வீடு கிடைத்தது. ஆனால் வீட்டுவேலைக்குச் சென்ற தாய்க்கு வேலையும், படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பள்ளியும் தொலைவாயின. ஒருவரது வீட்டை இடிக்குமுன் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் தீர்ப்பளித்தது. வீடு என்பது செங்கல்லும் ஓடும் மட்டுமன்று என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து. எங்கள் கருணாபுரம் போன்ற பகுதிகளில் வாழ்வோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஒற்றை அறை வீட்டிற்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள் அவர்கள்.

மாணவ மாணவியரே! நாளை உங்களில் சிலர் பொறியாளராகலாம், சிலர் ஆட்சியராகலாம், சிலர் நகராட்சி மன்றத்தில் அமரலாம். என்றேனும் ஒருநாள் ஒரு கட்டடத்தை இடிக்கும் தாள் உங்கள் மேசைக்கு வரும். அன்று இந்நான்கையும் கேளுங்கள். இதனைச் செப்பனிட்டுக் காக்க இயலாதா? இது போனால் இவ்விடத்தில் ஊருக்கு என்ன வரும்? இதன் கல்லும் மரமும் எங்கே செல்லும்? இதில் வாழ்வோர் இன்றிரவு எங்கே உறங்குவர்? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் கையெழுத்திடத் தயங்காதீர்கள். என்னைப்போல் ஓராண்டு தாமதிக்காதீர்கள். ஒன்றற்கேனும் விடை கிடைக்கவில்லையாயின் எழுந்து சென்று, கெடிசைப்போல அத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

அந்த மலையடிவாரப் பள்ளியில் சுவர் விழுந்த இடத்தைத் துப்புரவு செய்து, மறு ஆண்டு இரண்டு வகுப்பறைகள் கட்டினோம். பழைய கட்டடத்தின் உத்திரங்களில் நல்லவற்றைத் தேர்ந்து, தச்சரைக் கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் புதிய பலகைகள் செய்தோம். தன் பலகை மண்ணில் புதைந்தது என்று சொன்ன சிறுமி அப்பொழுது ஆறாம் வகுப்பிற்குச் சென்றுவிட்டாள். ஆயினும் ஒருநாள் வந்து புதிய பலகையில் சற்று நேரம் அமர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.